இன்ஜினியர் வருவதற்கு முன்

எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று ஒருவர் எங்களைக் கேட்கப்போகிறார் என்ற செய்தியை மாமா கொண்டுவந்தபோது, எங்கள் வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. நான் அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் ஏழாம் வகுப்பின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. அதனால் உலகத்தில் உள்ள எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

சேலத்துக்கு மேலே மலையில், நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பாவும் அம்மாவும் வேலை செய்தார்கள். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில்தான் நான் பிறந்தேன். அப்பா பிறந்ததும் அதே வரிசையில்தான். ஒரே நீளக் கூரை, அதன் கீழ் குடும்பத்துக்கு ஓர் அறை. பக்கத்து அறையில் யாராவது இருமினால் எங்கள் அம்மா இங்கிருந்தே சுக்குக் காப்பி போடச் சொல்வாள். அந்த வருஷம் எஸ்டேட் கைமாறியது. புது முதலாளிக்குக் காப்பியில் ஆசை இல்லை, சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்டேஜ் கட்டப்போகிறார் என்றார்கள். பழம் பறித்து முடிந்ததும் லைனைக் காலி செய்துவிட வேண்டும் என்று எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிவிட்டுப் போனார். மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

மற்றவர்களைப்போல நாங்கள் கலங்கவில்லை. செம்மநத்தம் போகும் வழியில், ரோட்டுக்கு மேலே ஒரு சரிவில், அப்பா முன்பே ஒரு துண்டு நிலம் கிரயம் செய்திருந்தார். சுற்றிலும் இருந்த நிலத்தை எல்லாம் தன்னிடமே வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு துண்டை எங்களுக்கு விற்றவர் ஒரு விவசாயி. அதை அளந்து கல் நட்ட அன்று அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமாதான் கூட நின்றார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அடிவாரத்திலிருந்து மலைக்குச் சிமெண்டும் கம்பியும் ஏற்றிவரும் லாரிக்கு டிரைவர். அவர் சரக்கு இறக்கும் இடங்களில் ஒன்றில் சேலத்து இன்ஜினியர் ஒருவர் பங்களா கட்டிக்கொண்டிருந்தார். வீடு கட்டுகிறவர்களை உட்காரவைத்து, அவர்கள் விருப்பத்தைக் கேட்டு, அதன்படி வரைந்து கட்டித் தருகிறவர் என்று அவருக்குப் பெயர். மாமா அவரிடம் நச்சரித்து நச்சரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிற வழியில் எங்கள் இடத்தை எட்டிப் பார்க்கச் சம்மதிக்க வைத்திருந்தார்.

"மொதல்ல அவரு கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான் மச்சான். உங்களுக்கு எப்பிடி ஊடு வேணும்னு கேப்பாரு. அதுக்கு முழிச்சுக்கிட்டு நின்னீங்கன்னா, சரி அப்பறம் பாக்கலாம்னு வண்டி ஏறிருவாரு."

அதற்காக எங்களுக்கு ஒத்திகை நடந்தது. மாமா லைன் வீட்டின் ஒரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு இன்ஜினியராக உட்கார்ந்தார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார். துண்டை அவிழ்க்கச் சொன்னார் மாமா. அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னார். அப்பா சிரித்தார், உட்காரவில்லை.

"ஏனுங்க, எப்பிடி ஊடு வேணுமுங்க உங்களுக்கு?" என்றார் மாமா, சேலத்துக்காரரைப்போல மூக்கைத் தூக்கிக்கொண்டு.

"நீங்க பாத்து எப்பிடிக் கட்டிக் குடுத்தாலும் சரிங்க."

"மச்சான், கட்டறது நீங்க. அவரு இல்ல."

"அதுக்கில்ல மாப்ள. நம்ம போயி அது வேணும் இது வேணும்னு..."

அம்மா குறுக்கே வந்தாள். அவளுக்குப் பின்பக்கம் ஒரு கதவு வேண்டுமாம். லைன் வீட்டில் பின்கதவு கிடையாது. குளிக்கப் போனாலும் கோபித்துக்கொண்டு போனாலும் எல்லோர் கண்ணிலும் பட்டுத்தான் போக வேண்டும். கோபித்துக்கொண்டு போகவே ஒரு கதவா என்று மாமா கிண்டல் செய்தார். எனக்கு ஜன்னலை ஒட்டி மேஜை போட ஒரு இடம் வேண்டும் என்றேன். அப்பா கடைசிவரை தனக்கென்று எதுவும் சொல்லவில்லை. பதில் சொல்லும் பொறுப்பு அம்மாவுக்கும் எனக்கும் என்று முடிவாயிற்று. அப்பா தன்னால் முடிந்த வேலையை எடுத்துக்கொண்டார். நிலத்தைத் தயார் செய்வது.

எஸ்டேட்டில் பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் என்ன செய்வார்கள் என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். களை பறிப்பார்கள், சருகு கூட்டுவார்கள், பாதை ஓரத்துக் கற்களை நேராக்கிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். கற்கள் கோணலாக நின்றால் ரைட்டர் பிடுங்கச் சொல்லுவார். காப்பிக் கன்றும் அப்படித்தான். கயிறு பிடித்து நட்ட வரிசையிலிருந்து ஒரு கன்று விலகினாலும் அன்றைய கூலிக்கு ஆபத்து. கோணல் என்பது அப்பாவுக்கு அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல, குற்றம்.

எங்கள் நிலமோ கோணலான நிலம். மேலே சதுரமாக இருந்துவிட்டு, கீழ் மூலையில் ஒல்லியாக நீண்டு ரோடுவரை இறங்கும். நாக்கு நீட்டிக்கொண்டிருப்பதாக அம்மா சொல்லுவாள். அந்த நாக்கின் நுனியில் இரண்டு அளவுக்கற்கள் உண்ணிச்செடிக்குள் சாய்ந்து நின்றன. சனிக்கிழமை வேலை முடிந்ததும் நாங்கள் மூவரும் அங்கே போனோம். மேலே பஸ் நிற்கும் இடத்திலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில்தான் எப்போதும் போவோம், அன்றும் அப்படித்தான் போனோம். நடந்தே பழகியவர்களுக்கு வழி என்பது கால் வைக்கிற அளவு இடம்தான்.

செடியை வெட்டிக் கற்கள் தெரிந்ததும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. இத்தனை கோணலை ஒரு இன்ஜினியர் பார்க்கலாமா? அவர் கயிற்றைக் கட்டிப் பார்த்தார். சாய்ந்த இரண்டு கற்களையும் பிடுங்கி மேலே கொண்டுவந்து, மற்ற கற்களோடு ஒரே கோட்டில் நட்டுவிட்டால் நிலம் நல்ல சதுரமாகிவிடும். அம்மா தயங்கினாள்.

"கல்ல எடுக்கறது தப்பில்லீங்களா?"

"அடுத்தவன் நெலத்துக்குள்ள நட்டாத்தான் தப்பு. நம்ம நெலத்துக்குள்ளதான தள்ளி நடறோம். நமக்குத்தான கொறையுது. யாரு என்ன சொல்லப் போறா?"

கல் ஆழமாக இருந்தது. நிலம் விற்றவர் தன் தோட்டத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா திணறுவதைக் கண்டு அவரே கடப்பாரையை எடுத்துவந்து கொடுத்தார். "நல்லாச் சதுரமா வருதுங்க," என்றும் சொன்னார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். இருட்டுவதற்குள் எல்லாக் கற்களுக்கும் சுண்ணாம்பு அடித்து முடித்தோம். கீழே இறங்கி நின்று பார்த்தால் பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானம்போல இருந்தது. அப்பா அத்தனை நிமிர்ந்து நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் வந்தார். ஜீப்பைக் கீழே ரோட்டில் நிறுத்திவிட்டு மாமாவோடு ஏறி வந்தார். மாமாவுக்கு எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிட்டது. ஏறிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். கீழே பார்த்தார், மேலே எங்கள் வெள்ளைக் கற்களைப் பார்த்தார்.

நான் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். பின்கதவு, மேஜைக்கு இடம், எல்லாம். ஆனால் இன்ஜினியர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அவர் முதலில் கேட்டது, லாரி எப்படி மேலே வரும் என்று. ரோட்டிலிருந்து வருவதற்கு உங்களுக்குத் தடம் இருப்பதாக உங்கள் மச்சினன் சொன்னாரே, அது எங்கே என்று. அப்பா மலர்ந்த முகத்தோடு மேலே ஒற்றையடிப் பாதையைக் காட்டினார். கல் தலைமேல் போகுமா, மணல் தலைமேல் போகுமா என்று இன்ஜினியர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். தலைமேல் கொண்டுவந்துவிடுவோம் என்று அப்பா சொன்னார். அவரும் உண்மையாகவேதான் சொன்னார்.

அப்போது நிலம் விற்றவர் வந்து சேர்ந்தார். மாமா அவரிடம் திரும்பி, லாரி ஏறுவதற்கென்று விட்ட அந்த நாக்கு இவர்களுடையதுதானே, நீங்களும் நானும் நின்றுதானே அளந்தோம் என்றார். அவர் அமைதியாக அப்பாவைப் பார்த்தார்.

"கல்லு எங்க இருக்குதோ அதுதானுங்க எல்லை. நான் நடலீங்க, அவிங்களே நட்டாங்க. கெவர்மெண்டு கல்லப் புடுங்கறது கேசுங்க. எதுக்குங்க வம்பு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

கேஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரம் இருக்கிறது, மனுப் போட்டு மறுபடி அளக்கச் சொல்லலாம், நேரம் பிடிக்கும், அதுவரை கட்ட முடியாது என்று இன்ஜினியர் பொறுமையாக விளக்கினார். எனக்கு அது புரிந்தது. மனுவை நானே எழுதுவேன் என்றேன். அப்பா என் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்.

"வேண்டாஞ் சாமி, விடு," என்றார் அப்பா. "அவரு வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதும்."

மாமா அழுதார். லாரி ஓட்டுகிற, எல்லோரையும் கேலி செய்கிற மாமா, அந்தச் சுண்ணாம்புக் கல் ஒன்றின்மேல் உட்கார்ந்து அழுதார். "ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கக் கூடாதா மச்சான்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய கால்சட்டையில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. அம்மா அதைத் தட்டிவிட்டுக்கொண்டே நின்றாள்.

அடுத்த நாளே நாக்கைச் சுற்றி முள்வேலி வந்துவிட்டது. காப்பிப் பழம் பறித்து முடிகிற சமயம் அது. லைனில் ஒவ்வொரு அறையாகக் காலியாகிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் கெட்டவர் இல்லை. அவர் கட்டிக்கொண்டிருந்த பங்களாவுக்கு இரவு பகல் காவலுக்கு ஆள் வேண்டும் என்று மாமாவிடம் சொல்லி அனுப்பினார். சிமெண்ட் மூட்டை வைக்கும் தகரக் கொட்டகையில் ஒரு ஓரம் தங்கிக்கொள்ளலாம். அப்பாவும் அம்மாவும் அங்கே போனார்கள். அந்தப் பங்களா முடிந்ததும் அடுத்தது, அதற்கு அடுத்தது என்று இன்றுவரை மலை முழுக்க மற்றவர்களின் வீடுகளுக்கு நடுவே அவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் பால் காய்ச்சுகிற அன்று இவர்கள் மூட்டையைக் கட்டுவார்கள். நான் எத்தனையோ மனுக்கள் எழுதிப் பார்த்துவிட்டேன். கையெழுத்துப் போட அப்பா பேனாவைத் தொடுவதில்லை.

கொட்டகைக்குப் போவதற்கு முந்தின வாரம், அம்மா வேலைக்குப் போகாமல் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். டீச்சரோடு வெகுநேரம் தனியாகப் பேசினாள். அன்று சாயங்காலம், சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நான் படிக்கப்போகிறேன் என்று சொன்னாள். நான் வகுப்பில் முதல் மாணவி. அதனால்தான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. லைனில் மிச்சமிருந்த வீடுகளுக்கெல்லாம் ஓடி ஓடிச் சொன்னேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும்தான் எடுப்பார்கள் என்றேன். கட்டிட வேலைக்கு ஆட்கள் வந்து போகிற இடத்தில், கதவில்லாத தகரக் கொட்டகையில், வயதுக்கு வரப்போகிற பெண்ணை எங்கே படுக்கவைப்பது என்று அம்மா டீச்சரிடம் கேட்டிருப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்து அறை அக்கா அம்மாவிடம், "புள்ளைக்கு நொம்ப மார்க்காமே?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு," என்றாள் அம்மா. "அவளத்தான் கேட்டு வாங்கிக்கிட்டாங்க."