ரூபன் ஒரு தரம்தான் கேட்டார்

1. மரியாதைக்கு மார்க்

மரியாதைக்கு மார்க் போடுவது என் உத்தியோகம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு சம்பளம் வந்தது, நிறுத்திவிட்டேன்.

கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் வீதியில், ஒரு பேக்கரிக்கு மேலே, மூன்றாம் மாடியில் எங்கள் கந்தோர். ஐரோப்பியர்கள் விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கும் வீடுகளைப் பதிவு செய்து கொடுக்கும் நெதர்லாந்துக் கம்பனி ஒன்றின் வாடிக்கையாளர் சேவை இங்கேதான் நடக்கிறது. சாவி கிடைக்காதவர், சுடுதண்ணீர் வராதவர், படத்தில் கடலைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்து வீட்டுச் சுவரைக் கண்டவர், எல்லோரும் சாட்டில் எங்களிடம் வருவார்கள். இங்கே வேலை செய்யும் இளம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் எழுதுவார்கள். அந்தப் பதில்களை வாசித்து, எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் என்று நான் மார்க் போடுவேன். பதவியின் பெயர் குவாலிட்டி. பல வருடம் ஹோட்டல் ரிசப்ஷனில் நின்று ஏழெட்டு மொழிகளில் திட்டு வாங்கியதுதான் என் தகுதி.

ஆபீஸுக்குக் கந்தோர் என்ற சொல்லை நாம் ஒல்லாந்தரிடமிருந்து, அதாவது பழைய நெதர்லாந்துக்காரரிடமிருந்து, வாங்கினோம். படையோடு வந்தும் கண்டியில் தங்க முடியாமல் திரும்பிய அதே ஒல்லாந்தர், இப்போது இணைய வயரைப் பிடித்துக்கொண்டு வந்து மூன்றாம் மாடியில் தங்கிவிட்டார்கள். பேக்கரி வாசனையும் அவர்களை விரட்டவில்லை.

முதல் நாள் ஸ்கோர் ஷீட் ஒன்றைத் தந்தார்கள். அதில் மரியாதை பெட்டி பெட்டியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளரை முதற்பெயரால் அழைக்க வேண்டும். சொந்த விஷயம் விசாரிக்கக் கூடாது. அவர் ‘நோ’ என்று சொன்னால் அதே விஷயத்தை மறுபடி கேட்கக் கூடாது. ஒவ்வொன்றையும் மீறினால் இரண்டு மார்க் குறையும்.

அன்றே யோகாவின் சாட் ஒன்று வந்தது. முழுப்பெயர் யோகேஸ்வரி, கண்டிக்கு அப்பால் மலையிலுள்ள ஹுன்னஸ்கிரியக்காரி. கணவர் காலை முறித்துக்கொண்டதால் பதிவை ரத்துச் செய்ய வந்த ஒரு அம்மாவிடம், வேறு திகதிக்கு மாற்றித் தரவா என்று யோகா கேட்டிருந்தாள். ‘நோ.’ மறுபடி கேட்டிருந்தாள். ‘நோ.’ பிறகு, ஐயா எப்படி விழுந்தார், சாப்பிட முடிகிறதா என்று விசாரித்துவிட்டு, இளவேனிலுக்கு மாற்றலாமே என்று மூன்றாம் முறையும் கேட்டிருந்தாள். அந்த அம்மா மாற்றிக்கொண்டார். விழுந்ததிலிருந்து தன் கணவரைப் பற்றி விசாரித்த முதல் ஆள் நீதான் என்று கீழே நீளமாக எழுதியும் இருந்தார்.

ஷீட்டில் அதற்குப் பெட்டி இல்லை. நான் மார்க்கைக் குறைத்தேன்.

“யோகா, கஸ்டமர் நோன்னா நோ. திரும்பக் கேக்கக் கூடாது.”

“அவங்க சும்மா சொன்னாங்க சேர். ஒரு தரம் கேட்ட உடனே யாராச்சும் சரின்னு சொல்லுவாங்களா?”

“ஒல்லாந்துல சொல்லுவாங்க.”

“பாவம் சேர் அவங்க” என்றாள்.

2. ஒரு தரம்

எங்கள் மேலாளர் நெதர்லாந்தில் இருந்தார். பெயர் ரூபன். பெயரைக் கேட்டதும் யாழ்ப்பாணத்து ஆள் என்று நம்பி, வரவேற்கத் தமிழில் இரண்டு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். திரையில் ஆறடிக்கு மேல் ஒரு மஞ்சள் தலை தோன்றியதும் விழுங்கிவிட்டேன். நல்ல மனிதர். சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்வார், சொன்னதை அந்த இடத்திலேயே மறந்தும்விடுவார்.

ஒரு திங்கட்கிழமை வீடியோ மீட்டிங்கில் ரூபன் சொன்னார்: டீம் லீட் வேலை காலியாகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கண்டியில் ஆள் சரிவராவிட்டால் கொழும்புக் கிளைக்குப் போய்விடும். “யோகா, உன் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. நீ எடுக்கிறாயா?”

அந்த வேலை யோகாவுக்கு எவ்வளவு தேவை என்பது மாடி முழுக்கத் தெரியும். ஐரோப்பிய நேரத்துக்கு வேலை செய்வதால் அவள் ஷிப்ட் முடியும்போது ஹுன்னஸ்கிரியவுக்குப் பஸ் இருக்காது. கண்டியில் ஒரு அறையில் தங்கியிருந்தாள். மூன்று வயது மகள் ஊரில் மாமியாரோடு. லீட்டுக்கு மட்டும்தான் பகல் ஷிப்ட். லீட் ஆனால் தினமும் வீட்டுக்குப் போகலாம்.

யோகா சொன்னாள்: “நோ, நோ. என்னைவிட சீனியர் ஆட்கள் இருக்கிறார்கள்.”

“ஓகே” என்றார் ரூபன். “தெளிவாகச் சொன்னதற்கு நன்றி.” அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

யோகாவின் முகத்தைப் பார்த்தேன். படியில் இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்தவளின் முகம்.

3. கென்டீனில்

“ஏம்மா அப்பிடிச் சொன்ன?” என்று யோகாவைக் கேட்டேன்.

“வேற என்னா சேர் சொல்றது? கேட்ட ஒடனே குடுங்கன்னு கைய நீட்டவா? நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கீங்க. திரும்பக் கேப்பாருன்னு நெனச்சேன்.”

“இப்ப நீயே போய்ச் சொல்லு, யோசிச்சேன், எடுக்கிறேன்னு.”

“ஐயோ! வேணாம்னு சொன்னத நானே போய்க் கேக்கிறதா? அது கேவலம் சேர்.”

பக்கத்து மேசையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபாஹிம் திரும்பினான். கம்பளைப் பையன், எங்கள் அணியில் வேகமாக டைப் செய்பவன். “எங்கட ஊட்டுல ஒரு துண்டு வட்டிலாப்பம் இனிப்புக்கே மூணு தரம் கேக்கணும் சேர். இது டீம் லீட். வெள்ளக்காரனுக்கு ஒரு தரத்தோட வாய் நோகுதா?”

“நீ பேசாம தின்னு” என்றாள் யோகா.

4. இரண்டு மரியாதை

ரூபனைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் முதல் ‘வேண்டாம்’ வணக்கம் மாதிரி. சொல்லாமல் உள்ளே வரக் கூடாது. தயவுசெய்து இன்னொரு தரம் கேளுங்கள்.

அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். ஆனால் அவர் சங்கடப்பட்டார்.

“நான் அவளுடைய மேலாளர். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். திரும்பக் கேட்டால் அது நெருக்குவது. எங்களுக்கு இதற்கென்றே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நான் அவளை மதித்தேன்.”

எனக்கு அது புதுச் செய்தி. இவ்வளவு நேரமும் அவருக்கு மரியாதை தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ மரியாதைக்காகவே கேட்காமல் இருந்திருக்கிறார். ஒருத்தி மரியாதைக்காக மறுத்தாள், ஒருவர் மரியாதைக்காக விட்டார், நடுவில் ஒரு பிள்ளை ஹுன்னஸ்கிரியவில் அம்மாவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.

ரூபன் உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்: “அப்படியானால், நிஜமாகவே வேண்டாம் என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?”

பிறந்ததிலிருந்து செய்துவருகிற காரியம், ஆனால் யோசித்ததில்லை. தவணை கேட்டு இரண்டு நாள் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். கல்யாண வீட்டுக்கு அழைத்தவரிடம் என் மனைவி, “பாப்போம்” என்றாள். போக மாட்டாள் என்று எனக்குத் தெரியும், அழைத்தவருக்கும் தெரியும். கடன் கேட்டவரிடம் கீழ்மாடி பேக்கரி முதலாளி, “சொல்லி அனுப்புறேன்” என்றார். சனிக்கிழமை ஷிப்டுக்கு வருவாயா என்று ஃபாஹிமைக் கேட்டேன். “இன்ஷா அல்லாஹ் சேர்” என்றான். அவன் வர மாட்டான்.

நாங்கள் நிஜமாக மறுக்கும்போது ‘வேண்டாம்’ என்ற சொல்லைப் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை. புதன்கிழமை இதை ரூபனிடம் அறிவித்தேன்.

“ஆகவே, ‘நோ’ என்றால் ஒருவேளை. ‘ஒருவேளை’ என்றால் நோ.”

“அப்படித்தான்.”

அவர் அசையவில்லை. லைன் விழுந்துவிட்டது என்று ரௌட்டரைப் பார்த்தேன். பிறகு அவர் கண்ணைச் சிமிட்டினார்.

5. டெம்ப்ளேட்

ஒல்லாந்தர் நல்ல யோசனை ஒன்று கிடைத்தால் அதைச் சும்மா விட மாட்டார்கள், நடைமுறையாக்கிவிடுவார்கள். வியாழன் காலை யோகாவின் மெயிலுக்கு ஒரு டெம்ப்ளேட் வந்திருந்தது. நீங்கள் அண்மையில் ஒரு வாய்ப்பை மறுத்துள்ளீர்கள், மீள்பரிசீலனை செய்ய விரும்பினால் கீழுள்ள பொத்தானை அழுத்தவும். பொத்தான் பச்சை நிறம்.

“அழுத்து” என்றேன்.

“இதயா? ஆளே கேக்கலியே சேர்.”

“இது அவர் கேட்ட மாதிரித்தான்.”

“கம்ப்யூட்டர் கேக்குது. இதுக்குச் சரின்னு சொன்னா நானே எடுத்துக்கிட்ட மாதிரி.” மெயிலை மூடிவிட்டாள். கண் கலங்கியிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். அதற்கும் எந்தப் பெட்டியும் இல்லை.

அன்று மாலை ரூபனுக்கு எழுதினேன்: பொத்தான் போதாது. நீங்களே வர வேண்டும். திரையில் வந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை வந்தார். யோகாவும் நானும் கமராவின் முன் இரண்டு கதிரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ரூபன் தொண்டையைச் செருமினார். “யோகா, லீட் வேலையைப் பற்றி... நீ எடுத்தால் எனக்குச் சந்தோஷம்.”

“பரவாயில்லை சேர், வேறு யாருக்காவது கொடுங்கள்.”

ரூபன் கலவரத்தோடு என்னைப் பார்த்தார். நான் கமரா ஓரத்தில் கையை உயர்த்தி, இன்னும் ஒரு தரம் என்று ஒரு விரலைக் காட்டினேன். யோகா கண்டும் காணாதவள் போல மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபனின் காது சிவந்தது. யாரோ ஒருவர் வீட்டு வேலியைத் தாண்டப் போகிறவர் போல மூச்சை இழுத்தார்.

“யோகா, தயவுசெய்து. நீ இல்லாவிட்டால் கஷ்டம்.”

“நீங்கள் இவ்வளவு சொல்வதால் சரி சேர்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் எழுந்து வெளியே போய் ஊருக்கு ஃபோன் எடுத்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் சிரிப்பது மட்டும் தெரிந்தது.

6. பாடம்

நான்கு மாதம் கழித்து, நெதர்லாந்துத் தலைமைக் கந்தோருக்குப் பயிற்சிக்குப் போக ஒருவர் வேண்டும் என்று செய்தி வந்தது. வெளிநாடு என்று நான் போனது இராமேஸ்வரம் வரைதான். அணி மீட்டிங்கில் லீட் யோகா என்னைப் பார்த்துக் கேட்டாள்: “சேர், நீங்க போறீங்களா?”

மாடியே என்னைப் பார்த்தது. நான் பெருந்தன்மையாகக் கையை விரித்தேன். “அட, எனக்கெதுக்கும்மா. எளம் புள்ளைங்க போகட்டும்.”

“சரி சேர். தெளிவா சொன்னதுக்கு நன்றி. ஃபாஹிம்?”

“நான் போறன்” என்றான் ஃபாஹிம், அவள் கேட்டு முடிக்கும் முன்பே.

பின்னேரம் யோகா என் மேசைக்கு வந்தாள், வீட்டுக்குப் போகப் பையை மாட்டிக்கொண்டு. கையில் தேத்தண்ணித் தட்டு.

“சேர், பிளேன்டீ?”

“வேணாம்மா.”

கேட்காதவள் போல வைத்துவிட்டாள். இஞ்சி போட்ட பால் இல்லாத தேத்தண்ணி. எனக்குப் பொறுக்கவில்லை.

“தேத்தண்ணிக்கு நான் வேணாம்னா நம்ப மாட்டேங்குற. ஒல்லாந்துக்கு மட்டும் ஏன் ஒரே தரம் கேட்ட?”

“கந்தோர் விசயத்துல நோன்னா நோன்னு எனக்கு ரெண்டு ரெண்டு மார்க்கா கொறச்சவரு யாரு சேர்?” பையைச் சரிசெய்துகொண்டாள். “தேத்தண்ணி வேற. அது நம்ம வீட்டு விசயம்.”

இளையவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இப்போது உலகத்தில் மரியாதை ஒன்றல்ல, இரண்டு மூன்று ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. எது உங்களைக் கேட்கிறது என்று பார்த்துப் பதில் சொல்லுங்கள். யோகாவுக்கு அது வந்துவிட்டது. நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கோப்பை காலியானது. “இன்னொன்னு ஊத்தவா சேர்?” என்று அவள் கேட்டாள்.

இந்த முறை ஏமாறக் கூடாது என்று, “ஆமா, ஊத்து” என்று உடனே சொன்னேன்.

யோகா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.