அளந்து ஊற்றிய அமிலம்

நான் படித்த விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு என்பது பேருக்குத்தான். அந்த வருடப் புத்தகங்களை ஓரம் கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடமும் உருப்போட வைத்தார்கள். வேதியியலில் மதிப்பெண் அள்ளினேன். நாமக்கல்லில் கல்லூரியில் சேர்ந்ததும் மோல் கணக்கைக் கண்டு முழி பிதுங்கியது. அது பதினொன்றாம் வகுப்புப் பாடம்.

ஆய்வகத்தில் முதல் கேள்வியே அதுதான். பத்து கிராம் சுண்ணாம்புக்கல் தூளைக் கரைக்க எத்தனை கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும்? எருமப்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை. மக்காச்சோளம் இத்தனை கிலோ, புண்ணாக்கு இத்தனை கிலோ, முட்டை ஓடு கெட்டிப்பட இதே சுண்ணாம்புக்கல் இத்தனை கிலோ என்று எடை போட்டே தீவனம் கலந்து பழகியவள் நான். யோசிக்காமல் பத்து கிராம் என்று எழுதினேன்.

"எடைக்கு எடை கலக்க இது தீவன மூட்டை இல்லம்மா" என்றார் பேராசிரியை. வகுப்பே சிரித்தது. மாதக் கடைசியில் வரும் செய்முறைத் தேர்வில் தேறாவிட்டால் வணிகவியலுக்கு மாறிவிடு என்றும் சொன்னார். உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு.

அப்பாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. "காமர்ஸ் படிச்சா பண்ணைக் கணக்கையாச்சும் பாத்துக்கலாமில்ல சாமி" என்றார். நான் வேதியியலுக்குப் போனதற்குக் காரணம் இருந்தது. முந்தின மழைக்காலத்தில் பூசண நஞ்சு ஏறிய மக்காச்சோளம் தீவனத்தில் கலந்து, ஒரு கொட்டகைக் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பார்வைக்கு நல்ல சோளம்தான். அதைச் சோதித்துச் சொல்லக் கற்றே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன். வணிகவியலாவது ஒன்றாவது!

பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் அட்டைகூடக் கசங்காமல் பரணில் கிடந்தது. எடுத்து வந்து மோலின் வரையறையை மனப்பாடம் செய்தேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன், ஆனால் கணக்கு மட்டும் வரவில்லை. கோபத்தில் புத்தகத்தை வீசி எறிவதும் திரும்ப எடுப்பதுமாக நாட்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். புதிதாக முட்டையிடத் தொடங்கிய கோழிகளின் முட்டை சிறியது, பழைய கோழிகளுடையது பெரியது. சின்ன முட்டை அடுக்கிய அட்டை கைக்கு லேசாக இருந்தது, பெரிய முட்டை அட்டை கனத்தது. இரண்டிலும் இருப்பது முப்பது முட்டைதான். கையில் அட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏஞ்சாமி, நின்னுக்கிட்டே தூங்கறயா?" என்றாள் அம்மா.

மோல் என்பது அந்த அட்டைதான். எண்ணிக்கை மாறாது, எடை மட்டும் பொருளுக்குப் பொருள் மாறும். சுண்ணாம்புக்கல் ஓர் அட்டை நூறு கிராம். அமிலம் ஓர் அட்டை முப்பத்தாறரை. சுண்ணாம்புக்கல் ஓர் அட்டைக்கு அமிலம் இரண்டு அட்டை வேண்டும் என்பதால் நூறு கிராமுக்கு எழுபத்து மூன்று, பத்து கிராமுக்கு ஏழு புள்ளி மூன்று. விடை சரியாக வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னவோ ஏதோவென்று பயந்துபோனாள்.

தேர்வில் ஐந்து கிராம் தூளும், லிட்டருக்கு ஒரு மோல் அமிலம் உள்ள கரைசலும் கொடுத்தார்கள். தேவையானதை மட்டும் கணக்கிட்டு ஊற்றிக் கரைக்க வேண்டும். கணக்குப்படி நூறு மில்லி. அளந்து ஊற்றினேன். நுரைத்துப் பொங்கி அடங்கிய பிறகும் அடியில் கொஞ்சம் தூள் நின்றது. மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க பாப்பா, கரைஞ்சாப் போதும்" என்றார் ஆய்வக உதவியாளர்.

"வேண்டாமுங்க" என்றேன். கண்ணாடி முகவையை லேசாகச் சூடாக்கிக்கொண்டே கண்ணெடுக்காமல் பார்த்திருந்தேன். நெடுநேரம் கழித்து அடி தெளிந்தது. பேராசிரியை குனிந்து பார்த்தார், தேறியதாகக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து, "காமர்ஸுக்குப் போகலைங்கப்பா" என்றேன். அப்பா எழுந்து வெளியே போனார். கோபம் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தவர், அன்று லாரியில் வந்து இறங்கிய மக்காச்சோளத்தில் ஒரு கை அள்ளி வந்து என் முன்னால் வைத்தார்.

"இது நல்லதா கெட்டதான்னு எப்பச் சொல்லுவே?"

"இன்னும் ரெண்டு வருசம் ஆகுமுங்கப்பா."

"சரி, அப்பவே சொல்லு சாமி" என்றார். அந்தச் சோளத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.