தறி பார்க்கக் கல்பாக்கம் போனோம்

அம்சவேணி அத்தை பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவள். கணவர் இறந்த பிறகு, விறகடுப்பையும் கொப்பரையையும் நம்பியே மகன் உமாபதியை வெல்டிங் படிக்க வைத்தாள். அவனுக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்தது. அங்கே அப்போது அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வடக்கே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எழுபத்து மூன்றில் நான் வீடு திரும்பியபோது, என் தங்கை வள்ளியை அவனுக்குக் கேட்டு அத்தை வந்திருந்தாள். வள்ளிக்கு இஷ்டம்தான். அப்பாதான் அசையவில்லை.

"அணு வேலைக்குப் போறவனுக்குக் கொழந்த பொறக்காதாம், தெருவே பேசுது. நெய்வேலில கரி இருக்குது, மேட்டூர்ல தண்ணி இருக்குது. கோடி கோடியா கொட்டி இது இன்னாத்துக்கு?"

"மேட்டூர்ல தண்ணி இருந்தா நம்ம தெரு ஏண்ணே இருட்டா கெடக்குது? விறகுப் பொகைல எனக்குப் பாதிக் கண்ணு போச்சு. அடுப்புக்காரி மவனுக்குப் பொண்ணு இல்லன்னு எவனாச்சும் சொன்னானா?"

நெசவுக்காரர்களான எங்களில் மாப்பிள்ளை வீட்டுத் தறியைப் பார்க்காமல் பெண் கொடுப்பதில்லை. பெண்ணின் தகப்பன் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, பாவு நூலைத் தொட்டுப் பார்த்த பிறகே வெற்றிலைத் தட்டை வாங்குவார். உமாபதிக்கு ஏது தறி?

"அவன் வேல செய்ற எடந்தான் அவன் தறி. வந்து பாத்துட்டு வேணான்னு சொல்லு" என்றாள் அத்தை.

போனோம். காவல்காரர் உள்ளே விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியே, கடற்காற்றில் நின்று, பாதி எழும்பிய சுவர்களைப் பார்த்தோம். உமாபதி வெளியே வந்தான்.

"அணு எங்கப்பா?" என்றார் அப்பா.

"இன்னும் வரல மாமா. வர்றதுக்கு வருஷக்கணக்காவும்."

"வந்தப்புறம்?"

"சட்டைல ஒரு வில்லையக் குத்தி, ஒடம்புல கதிர்வீச்சு எவ்ளோ படுதுன்னு அளந்துக்கினே இருப்பாங்களாம். அளவு மீறினா வெளிய அனுப்பிடுவாங்கன்றாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது மாமா."

அப்பா அத்தையின் பக்கம் திரும்பினார். "உனக்குப் பயமா இல்லியாம்மா?"

வழக்கம்போல் வெட்டிப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"இல்லாம இன்னாண்ணே? சனிக்கெழம அவன் பஸ்ஸ விட்டு எறங்கற வரைக்கும் தெருமொனைலயேதான் நிப்பேன். வள்ளியும் வந்துட்டா பயப்பட ரெண்டு பேராவோம்."

அப்பா சிரித்துவிட்டார். "என்னையும் சேத்து மூணு பேருன்னு சொல்லு" என்று கை நீட்டினார். அத்தை பையிலிருந்த வெற்றிலைத் தட்டை எடுத்தாள். வேலியோரத்திலேயே நிச்சயம் முடிந்தது.

அவ்வளவு செலவு செய்து கட்டுவது நல்லதற்கா என்று எனக்கு இன்றும் தெரியாது. தன் பயத்தை மறைக்காமல் எங்கள் வீட்டுப் பயத்தையும் பங்கு போட்டுக்கொண்ட அந்த மனுஷிக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். கல்யாணம் முடிந்து, வள்ளி இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டில் இருக்கிறாள். அத்தை தினமும் சாயம் காயாத கையோடு வந்து, வாசலில் நின்றே, "கொழந்த ஒதைக்குதாடி?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.