தொழில் இல்லை என்று நான் எழுதிய அக்கா

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மட்டக்களப்பில் சண்டை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, எங்களை ஆராய்ச்சி செய்யவும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். கொழும்பிலிருந்து வந்த குழு ஒன்று, தன்னாமுனைக்கு அப்பால் இருந்த வாவியோரக் கிராமத்தில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்ப ஆள் தேடியது. வாவிக்கு என்ன நடக்கிறது, அதை நம்பிப் பிழைக்கும் ஆண்களுக்கு என்ன கிடைக்கிறது, பெண்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் ஆய்வு. என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தலைகால் தெரியாத பெருமை எனக்கு. அதற்கென்றே புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த அக்காவின் வீட்டுக்கு நான் போனபோது அவர் அப்போதுதான் வாவியிலிருந்து ஏறி வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். உடுப்பெல்லாம் சேறும் தண்ணீருமாக இருந்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் வள்ளமோ வலையோ இல்லாமல் இறால் பிடிப்பார்கள். கழுத்தளவு தண்ணீரில் குந்தி, கண்டல் மர வேர்களுக்கிடையே இரண்டு கைகளாலும் தடவ வேண்டும். கைகளுக்கு ஓய்வில்லாததால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். அக்காவின் வாயோரம் இரண்டு பக்கமும் வெடித்துப் புண்ணாயிருந்தது. விரலெல்லாம் வெட்டுக்காயம். இவ்வளவையும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நான் கேள்வி கேட்டேன்.

குடும்பத் தலைவர் யார் என்ற கேள்விக்குக் கணவரின் பெயரைச் சொன்னார். அந்த மனிதர் செங்கலடிச் சந்தைக்கென்று போய் வீடு திரும்பாமல் இரண்டு வருடமாகியிருந்தது. "அவர் வருவார் புள்ள, எழுதுங்க" என்றார். தற்காலிகமாக வெளியே போயிருப்பவரையும் தலைவராக எழுதலாம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். எழுதினேன். அவருடைய தொழில் மீன்பிடி. அதையும் எழுதினேன்.

"உங்கட தொழில் என்னக்கா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கென்ன தொழில்? சும்மா வாவிக்க இறங்கி இறால் தடவுறதான்."

அவர் 'சும்மா' என்று சொன்னது எனக்கு வசதியாகப் போய்விட்டது. வள்ளம் அல்லது வலை இருந்தால் மட்டுமே மீன்பிடி என்று எழுத வேண்டும் என்பது கட்டளை. 'இல்லை' என்று மணிமணியான எழுத்தில் எழுதி, அடியில் கையொப்பமும் வைத்தேன்.

எங்கள் ஊர்களில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து இருக்கிறவர். அக்காவின் வீடும் அவருடைய தாய் கொடுத்தது. அடுப்பெரிந்ததும் அவர் உழைப்பில். இது தெரியாதவளா நான்? அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்தானே. கொழும்பிலிருந்து வந்தவர்களைத் திட்டுவது சுகம். ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது.

சில மாதங்களில், மறைவில் இயக்கத்து ஆட்கள் வரக்கூடும் என்று இராணுவ முகாம்காரர் வந்து கரையோரக் கண்டல் மரங்களைத் தறித்து வெளியாக்கினார்கள். வேர் போனதும் இறாலும் போனது. மிச்சக் கண்டல் வாவியின் உள்பக்கத்தில் இருந்தது. அங்கே போக முகாமின் பாஸ் வேண்டும் என்றார்கள். மீன்பிடிப்பவர்களுக்குத்தான் பாஸ். யார் மீன்பிடிப்பவர் என்று பார்க்க, கிராம அலுவலரான விதானையாரின் கந்தோரில் தயாராக ஒன்று இருந்தது. எங்கள் குழு நல்லெண்ணத்தில் கொடுத்துவிட்டுப் போன படிவங்களின் பிரதிகள்!

இரண்டாம் சுற்றுக் கேள்விகளோடு நான் மறுபடி போனபோது, அக்கா படலையைத் திறக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்.

"எனக்குத் தொழில் இல்லையெண்டு எழுதின நீங்கதானே? இப்ப நான் வாவிக்க இறங்க ஏலா. புள்ளையள் ரெண்டுக்கும் என்னத்தக் குடுக்க?"

படிவக் கட்டை அங்கேயே வைத்துவிட்டு அவரை அழைத்துக்கொண்டு விதானையாரிடம் போனேன். அவர் படிவத்தை எடுத்து எனக்கே காட்டினார். "இது ஒங்கட எழுத்துத்தானே? இந்த வீட்டில மீன்பிடி அவர்தான். அவர் வந்து கையெழுத்து வச்சா பாஸ் தரலாம்." நான் எழுதியது பிழை, இப்போதே திருத்துகிறேன் என்று கத்தினேன். பட்டியல் முகாமுக்குப் போய்விட்டதாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமியும் கொடுக்கவில்லை.

பிறகு விதானையார் குரலைத் தாழ்த்தி, பெரிய உபகாரம் செய்கிறவர்போலச் சொன்னார். "ஒரு வழி இரிக்கி. புருசன் மோசம் போயிட்டார் எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்க. அவர்ர பாஸ் ஒங்கட பேருக்கு மாறும்."

அக்கா அழவில்லை. "அவர்ர பிரேதத்த நீங்க கண்டீங்களா?" என்று கேட்டார். "நானும் காணல்ல. காணாததக் கண்டதெண்டு நான் எப்பிடி எழுதுற?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "இத்தின கேள்வி கேட்டீங்களே புள்ள, இந்த வீட்டில ஆரு சோறு போடுறது எண்டு மட்டும் கேக்கல்ல."



அடுத்த கிழமை வந்த ஆய்வுத் தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். ஓரிரு வீடுகளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, முதல் சுற்று அட்டவணைகள் முடிந்துவிட்டன என்றார். ஓரிரு வீடா? அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு கொப்பியோடு ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்து, இறால் தடவும் பெண்களின் பெயர்களை எழுதினேன். கொப்பி நிரம்பியது. விதானையார் அதை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். அதோடு சரி.

அக்கா கையெழுத்து வைக்கவே இல்லை. பிள்ளைகளுக்குச் சில நாள் வெறும் தேநீர்தான் சாப்பாடு என்று அயலவர்கள் சொன்னார்கள். கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சோதனைச் சாவடிகளைத் தாண்டி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய்விட்டாராம். பழுகாமத்துப் பக்கம் வயல் வட்டைகளில் கூலிக்கு அறுத்தார் என்று கேள்வி. வாவியில் பிழைத்தவரை வெயிலில் குனிய வைத்துவிட்டோம்.

அடுத்த வருடம் அறிக்கை அழகான அட்டையோடு வந்தது. வாவியின் மீன்பிடியில் பெண்களின் பங்கு மிகச் சிறிது என்று அதில் எழுதியிருந்தது. நன்றி சொன்ன பக்கத்தில் என் பெயர், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல். அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். கோபம் ஆறவில்லை.

தனக்குத் தெரியாத ஒன்றை உண்மையென்று எழுத, பிள்ளைகள் பட்டினி கிடந்தபோதும் அந்த அக்கா மறுத்துவிட்டார். கண்ணெதிரே நின்ற உழைப்பை இல்லையென்று எழுதிக் கையொப்பம் வைத்தவள் நான் என்று நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.