ஒன்பதாம் மாடிக்கு ஒரு புள்ளடி

நான் இப்போது குடியிருக்கும் வீடு, இன்னொருவரை ஏமாற்றிப் பெற்ற வீடு. என் கணவருக்குக்கூட இது தெரியாது. உங்களுக்குத்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடி. அதன் இரண்டாம் மாடியில், குப்பைத் தொட்டிகளைப் பார்த்தபடி, ஒற்றை அறை வீட்டில் நாங்கள் நான்கு பேர். வளர்ந்த பெண்பிள்ளைகள் இருவரும் ஹோலில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். இரண்டு அறை வீடு வேண்டுமென்று கட்டட அலுவலகத்தில் பெயர் கொடுத்திருந்தேன். பட்டியலில் முதற்பெயர் என்னுடையதுதான். யாராவது வெளியேறினால் எங்களுக்கு... ஒருவரும் அசைவதாக இல்லை!

ஒன்பதாம் மாடியில் செல்வராசா அண்ணை தனியே இருந்தார். இரண்டு அறைகள், குசினிக்குள் நல்ல வெயில். மனைவியும் மகனும் வன்னியில் அகப்பட்டிருந்தார்கள். அவர்கள் வந்துசேர்வார்கள் என்று மற்ற அறையில் ஒரு கட்டில் வாங்கிப் போட்டு, மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் வைத்திருந்தார்.

போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த வசந்தகாலம் அது. அண்ணை வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். காலையில் டவுன்ரவுனுக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லிச் சனத்தோடு வீதியில் நின்று கத்துவார். தொண்டை அடைத்துப்போய்த் திரும்புவார். வன்னியிலிருந்து பல கிழமைகளாக ஒரு செய்தியும் இல்லை.

எங்கள் கட்டடத்தில் ஆங்கிலக் கடிதம் யாருக்கு வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நிரப்புகிறவள் நான், கையெழுத்து மட்டும் அவர்கள். அந்தச் சித்திரையில் அண்ணை வீட்டு வாடகை லீஸ் படிவத்தோடு வந்தார். அதில் இரண்டு கட்டங்கள். இன்னொரு வருடம் நீட்டுகிறேன் என்பது முதலாவது. தவணை முடிய வெளியேறுகிறேன் என்பது இரண்டாவது.

“தங்கச்சி, உதை நிரப்பி ஒஃபீசிலை குடுத்துவிடுங்கோ. இப்ப நான் வீடு மாறேலாது. மகன் இந்த விலாசத்தைப் பாடமாக்கி வைச்சிருக்கிறான். எங்கை தப்பிப் போனாலும் இதுக்குத்தான் எழுதுவான்.”

வெறும் படிவத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஓடினார்.

கை தவறிவிட்டது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் தவறவில்லை. பேனையை எடுத்தேன், வைத்தேன், தேநீர் போட்டுக் குடித்தேன், பிறகு இரண்டாவது கட்டத்தில் புள்ளடி போட்டேன். அந்தத் தாயும் மகனும் இனி வரப்போவதில்லை என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். செத்த ஆட்களுக்கு எதற்கு ஓர் அறை... அப்படித்தான் நினைத்தேன். எழுதும்போது இப்போது கூசுகிறது. அன்று கூசவில்லை!

போர் முடிந்து சில நாட்களில், அவர் வெளியேறுவதை உறுதிசெய்து அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. அதையும் என்னிடமே கொண்டுவந்தார். தனி ஆளுக்கு இனி இரண்டறை வீடு கொடுக்கமாட்டார்களாம் என்று மாற்றி வாசித்துச் சொன்னேன். அவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் பிடிபட்டிருப்பேன். அந்தக் கிழமை அவரிடம் எதையும் கேட்கும் தெம்பு இருக்கவில்லை.

“என்ரை வீட்டுக்கு ஆர் வரப்போகினமாம்?”

“நாங்கள்தான் அண்ணை.”

அவர் முகம் தெளிந்தது. “அப்ப பரவாயில்லை. கடிதம் வந்தால் எடுத்து வைப்பியள்.”

மில்லிக்கன் பக்கம், தமக்கையின் மகன் வீட்டு நிலத்தடி பேஸ்மென்ற்றுக்குப் போனார். கட்டிலை என் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார். பிளாஸ்டிக் உறையை நான்தான் கழற்றினேன்.

இதற்குப் பிறகு நான் நிம்மதி இழந்தேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். நான் என்ன செய்ய? சந்தோஷமாகத்தான் வாழ்ந்தேன்! பிள்ளைகள் கதவைச் சாத்திப் படித்தார்கள். மூத்தவள் மார்க்கம் நகரில் வீடே வாங்கிவிட்டாள். யன்னலோரம் கறிவேப்பிலைச் சாடி வைத்திருக்கிறேன், பனிக்காலத்திலும் தளிர்க்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாக நித்திரை கொள்கிறேன். மனச்சாட்சி என்னைத் தின்கிறதா? சில நாட்களில் அது பசித்ததாகவே தெரியவில்லை.

அண்ணை மாதம் ஒருமுறை இரண்டு பஸ் ஏறி வருவார். கேட்பது ஒரே கேள்வி. கடிதம் ஒன்றும் வரவில்லை. சத்தியமாக வரவில்லை... ஆனால் என் சத்தியத்தை நீங்கள் எதற்காக நம்பவேண்டும்?

அவரிடம் சொல்லிவிடலாம்தான். சொன்னால் என் பாரம் இறங்கும். அவருக்கோ, அந்தத் தபாற்பெட்டியை நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் இல்லாமல் போகும். அதனால்தான் சொல்லவில்லை என்கிறேன். அல்லது இதுவும் வீட்டைக் காப்பாற்ற நான் சொல்லும் சாட்டுத்தானா?

போன மாதம் வந்திருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். மூத்தவள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கரைச்சல் படுத்துகிறாள் என்று கதையோடு கதையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த தேநீர் சேட்டில் சிந்தியது.

“அப்ப... லீஸ்?”

“நீட்டியாச்சு அண்ணை. நான் ஒரு இடமும் போகேல்லை.”

கோப்பையைக் கீழே வைத்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“கடவுள்தான் உங்களை இந்த வீட்டிலை கொண்டுவந்து விட்டவர், தங்கச்சி.”

“ஓம் அண்ணை” என்றேன்.