தலைவர் கிழித்த தாள்

புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு தலைவர்தான். பெயர் அல்போன்ஸ், வயது தொண்ணூற்றிரண்டு. ஒரே ஒரு தடவை நகராட்சி உறுப்பினராக இருந்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். ஆனாலும் பட்டம் ஒட்டிக்கொண்டது. நவம்பர் ஒன்று, விடுதலை நாளில், தெருமுனையில் கொடியேற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். வெயிலில் நின்று கேட்டுத்தான் தீர வேண்டும்.

பதினெட்டு வயதில் பிரெஞ்சுப் படையில் சொல்தா என்கிற சிப்பாயாகச் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறியவர். அங்கே வயலில் பிடிபட்ட கிளர்ச்சிக்காரன் ஒருவனுக்கு இரண்டு நாள் காவல் நின்றாராம். "உன் ஊர் யாருடையது?" என்று அவன் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டானாம். அந்தக் கேள்வி இவரை விடவில்லை. ஊர் திரும்பியதும் படையை விட்டுவிட்டு விடுதலைக் கட்சியில் சேர்ந்தார். பிரெஞ்சுப் போலீஸ் அடித்ததில் இடது காது போயிற்று. இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. பொய் பிறகு வந்தது.

அறுபத்திரண்டில் ஊர் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குச் சட்டப்படி கைமாறியபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். தவணை முடியும் வாரம், மறு வருஷம் பிப்ரவரியில், தெருமுனையில் கூட்டம். எனக்கு எட்டு வயது, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அல்போன்ஸ் மேடையேறி அந்த விண்ணப்பத் தாளை எல்லாரும் பார்க்க நான்காகக் கிழித்தார்.

"வெள்ளக்காரன் போயிட்டான். இன்னும் அவன் வாலப் புடிச்சிக்கினு தொங்கணுமா?"

அப்பா சட்டைப்பையிலிருந்த தன் தாளைக் கிழித்தார். வைத்திக்குப்பத்து மீனவர் அம்மாவாசை, தோளில் உட்கார்ந்திருந்த மகளை இறக்காமலே கிழித்தார். எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரீசில் இருக்கிறார்கள். அப்பா மில் மூடும்வரை மில்லில் இருந்தார், பிறகு சாகும்வரை வீட்டில் இருந்தார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் தலைவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய பேத்தி அஞ்சலி மூச்சிரைக்க வந்தாள். கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரியில் தற்காலிக நர்ஸ் வேலை பார்க்கிறவள். வெளிநாடு போக வழியுண்டா என்று பிரெஞ்சுத் தூதரகத்தில் விசாரித்துவிட்டு வந்திருந்தாள்.

"தாத்தா, நீங்க பிரெஞ்சுக்காரராம்! அறுபத்திமூணுல எழுதிக் குடுத்திருக்கீங்க. நீங்க நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டா, எனக்கும் வழி இருக்குதான்னு பாக்கலாம்னாங்க."

என் கையில் செய்தித்தாள் அப்படியே நின்றது. தலைவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அப்போ எம் பொண்டாட்டி வயித்துல புள்ளையோட இருந்தா. சைகோன்ல சண்டைக்குப் பயந்து ஓடியாந்த ஜனங்க நடுத்தெருவுல நின்னதப் பாத்தவன்டா நான். பயந்துட்டேன். ஆனா அத வெச்சி ஒரு நாளும் ஒண்ணும் வாங்கல."

அது உண்மைதான். பிரெஞ்சுப் பென்ஷன் கேட்டதில்லை. வீட்டுக்கு இன்னும் ஓட்டுக்கூரைதான். அதற்காக என் அப்பாவின் தாள் திரும்பி வந்துவிடுமா? செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"கையெழுத்துப் போடறேம்மா. ஆனா முன்னால தெருவுல சொல்லிட்டுத்தான் போடுவேன்" என்றார். யாருக்கும் தெரியப்போவதில்லை, எதற்குச் சொல்ல வேண்டும் என்று அஞ்சலி அழுதாள். அவர் மசியவில்லை.

மறுநாள் காலை சின்னப்பாப்பா மீன்கூடையோடு தெருவுக்கு வந்தாள்; நானும் சட்டியோடு நின்றேன். அன்று அம்மாவாசையின் தோளில் இருந்த மகள், இன்று அறுபத்தைந்து வயதுக்காரி. தலைவருக்குக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு மீன் கொடுப்பாள். அவர் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்க, எல்லாவற்றையும் சொன்னார்.

சின்னப்பாப்பாவின் அரிவாள்மனை நின்றது.

"எங்கப்பா கிழிச்சப்போ, நீங்க எழுதிக் குடுத்தாச்சா, குடுக்கலியா?"

பிறகுதான் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அறுபது வருஷம் பேசிய வாய்க்கு அது பெரிய காரியமா?

"முந்தின நாளே குடுத்துட்டேன். மேடையில கிழிச்சது வெறுந்தாளு."

அவள் அவருக்காக அரிந்துகொண்டிருந்த வஞ்சிரத்தை எடுத்து என் சட்டியில் போட்டாள்.

"மீனு தீந்துபோச்சி, பெரியவரே" என்றாள். நினைவு தெரிந்த நாளாக அவள் தலைவரே என்றுதான் கூப்பிட்டு வந்தாள்.

கூடை நிறைய மீன் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். காலிப் பாத்திரத்தோடு வீட்டுக்குள் போனார். என் சட்டியிலிருந்து ஒரு துண்டு கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை.