உம்மாவின் அலுமாரியில் இருந்த பன்னிரண்டு பெண்கள்

எங்கள் உம்மா வபாத்தாகி ஓராண்டு நிறைகிறது. கத்தம் ஓத வந்திருக்கும் உங்களுக்கு அவர்களைப் பற்றி எழுதித் தரும் பொறுப்பை, குடும்பத்தில் முதலில் படித்தவள் என்பதால் வாப்பா என்னிடம் தந்தார்கள்.

உம்மா சாய்ந்தமருதில் கடற்கரையோரம் பிறந்தவர்கள். சிறு வயதிலேயே தாயை இழந்து தம்பிமாரை வளர்த்ததால், குர்ஆன் ஓதப் போனதைத் தவிர வேறு பள்ளிக்கூடம் காணவில்லை. மேசன் வேலை செய்த வாப்பாவை மணந்தார்கள். நான் ஒரே மகள்.

ஒருமுறை வாப்பா மலைநாட்டில் பழைய பங்களாவொன்றைத் திருத்தப் போனபோது, வீட்டுக்காரர் வீசிய படக்கட்டொன்றைக் கொண்டுவந்தார்கள். தடித்த தாளில் நீர்வர்ணத்தில் தீட்டிய வெள்ளைக்காரப் பெண்கள், மாதத்துக்கு ஒருத்தி. தொழுகிற வீட்டில் முகமுள்ள படம் மாட்டுவதில்லை என்பதால், உம்மா அவற்றை அலுமாரிக்குள் அடுக்கினார்கள். அடியிலிருந்த ஆங்கிலம் அவர்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு பேரென்றால் நம்முடைய பிறை மாதங்கள்தான் என்று முடிவு செய்தார்கள். ஒன்பதாவதான நோன்பு மாதத்துப் பெண்ணின் மடியில் திராட்சைக் குலை. "இவ நோன்புக்காரி. மடி நிறையப் பழம் இரிக்கி, ஒண்டக்கூடத் தின்னல்ல பாரு மகள்," என்பார்கள். கடைசிப் பெண் முழுக்க வெள்ளை உடுத்தியிருந்தாள், அவள் ஹஜ் மாதத்து ஹஜ்ஜுக்காரி. பிறை கண்டால் அந்த மாதத்தவள் கட்டின் மேலே வருவாள்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு ஹஜ் மாதத்தில், வாப்பா இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத் போனார்கள். "இந்த வெள்ள உடுப்புக்காரி இன்னும் ரெண்டு தரம் மேல வரட்டும், நானும் வந்திருவன்," என்று உம்மாவிடம் சொன்னார்கள்.

அவள் இரண்டாம் தரமும் மேலே வந்தாள். வாப்பா வரவில்லை. கடிதமும் நின்றிருந்தது. தெருவில் கார்ச் சத்தம் கேட்டால் உம்மா எழும்பி நிற்பார்கள். சத்தம் தாண்டிப் போனதும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே கட்டடமொன்றில் சாரம் சரிந்ததாம் என்று யாரோ சொல்ல, அன்றிலிருந்து சோறும் இறங்கவில்லை.

பக்கத்து வளவில் இருந்த மாமி, வாப்பாவின் ராத்தா, அழுதுகொண்டு வந்தார்கள்.

"படம் இரிக்கிற ஊட்டுக்க வானத்து மலக்குமார் வருவாங்களா மதினி? பன்னிரண்டு பொம்புளயள அடுக்கி வெச்சிக்கிட்டு என்ட தம்பிய எங்க தேடுறா? குமர வேற பள்ளிக்கு அனுப்புறா. எரிச்சிப் போடு. இவளயும் நிப்பாட்டு."

உம்மா படக்கட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்கள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"உம்மா, நில்லுங்க. இவ ஹஜ்ஜுக்காரி இல்ல. டிசம்பர் எண்டு எழுதியிரிக்கி. இதெல்லாம் இங்கிலீசு மாசம். வாப்பாட ஒப்பந்தமும் அப்பிடித்தான்."

"மாசம் மாசம்தானே புள்ள? வெள்ளக்காரனுக்கு வேற நிலாவா இரிக்கி?"

"அவங்க நிலாவப் பாக்கிறல்ல உம்மா. நம்மட வருசம் பத்துப் பதினொரு நாள் முந்தி முடிஞ்சிரும். ரெண்டு வருசத்துக்கு இருபத்தொரு நாள், மூணு கிழமை. இன்னும் தவணை இரிக்கி."

"ஏழாம் வகுப்புக்காரி வருசத்த நீட்டிக் குடுக்கா!" என்றார்கள் மாமி.

உம்மா என்னையே பார்த்தார்கள். "உன்ட கணக்குப் பிழைச்சா மகள்?"

உம்மா படங்களை எரிக்கவில்லை, அலுமாரிக்குள்ளும் வைக்கவில்லை. விறகுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். அதுவரை உம்மாவுடைய பயம், அதன்பின் என்னுடையதும்.

மூன்று கிழமையும் முடிந்தது. வாப்பா வரவில்லை. மாமி என்னை ஏசுவதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் என்னை அதிகம் நடுங்க வைத்தது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உம்மா ஏந்திய கை இறங்க வெகுநேரமாகும்.

ஒரு காலையில் நான் பள்ளிக்குப் போகமாட்டேனென்று அழுது நிற்க, படலையைத் திறந்துகொண்டு வாப்பா வந்தார்கள். விமானச் சீட்டுப் பிந்தியதாம், வரப்போகிறோமே என்று கடிதமும் போடவில்லையாம். உம்மா விறகுக்குப் பக்கத்திலிருந்த படங்களை அள்ளி அலுமாரிக்குள் வைத்தார்கள். பிறகு முதலில் என்னிடம்தான் கதைத்தார்கள்.

"மகள், முகத்தக் கழுவிட்டுப் பள்ளிக்குப் போ. இனி உன்ன ஒருத்தரும் மறிக்கப்படாது."

யாரும் மறிக்கவில்லை. நான் ஆசிரியையாகச் சம்பளம் வாங்கியதைக் கண்ட பிறகே உம்மா நோயில் படுத்தார்கள்.

ஊரடங்கிலும் மருந்து கொண்டுவந்து தந்த பக்கத்து ஊரான பாண்டிருப்பு நண்பர்களுக்கும், ஜனாஸாவைச் சுமந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. கடைசிவரை உம்மாவைத் தன் கையால் குளிப்பாட்டி, சோறூட்டியவர்கள் மாமி. அவர்களுக்கு என்ன சொல்லி நன்றி கூறுவதென்று நான் படித்த படிப்பில் இல்லை. உம்மாவுக்காகக் கையேந்துங்கள்.